நெட்டிலிங்கம் கருகுகிறது, இட்லிப்பூ வெளுக்கிறது: என்ன உரம் வைக்கலாம்? (புதுமடம், கடற்கரை அருகே)

புதுமடத்தான் | ஆகஸ்ட் 9, இரவு 9:40

எல்லோருக்கும் சலாம், வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டு மட்டும் போவேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

புதுமடத்தில் கடலிலிருந்து ஐந்து நிமிட நடையில் வீடு. கட்டி மூன்று வருடம் ஆகிறது. முன்பக்கச் சுவரோரம் நெட்டிலிங்கம் பதினொன்று வரிசையாக வைத்தேன், இப்போது ஒன்பது பத்தடி உயரம். வாசலில் சரக்கொன்றை ஒன்று, பக்கவாட்டில் மகிழம் ஒன்று, போர்ட்டிகோ ஓரம் ஃபாக்ஸ்டெயில் பாம் என்ற அலங்காரப் பனை இரண்டு, நடைபாதை நெடுக இட்லிப்பூ.

சித்திரையிலிருந்தே பலவும் வெளிறிப்போய் நின்றன. உரக்கடையில் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். பார்த்தும் பார்க்காமலும் "சத்துக் குறைவு" என்று சொல்லி யூரியாவும் டி.ஏ.பி.யும் கொடுத்தார். மரத்துக்கு அதில் கால் கிலோ, இதில் கால் கிலோ. ஜூலை கடைசியில் அடிமரத்தைச் சுற்றிக் கொட்டித் தண்ணீர் விட்டேன். ஐந்தாம் நாள் இலை நுனி கருக ஆரம்பித்தது. இன்றைக்கு நான்கு நெட்டிலிங்கத்தின் இலை கையில் எடுத்தால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

மறுபடி அதே கடைக்குப் போனால் "பொட்டாஷ் போடுங்க, தெளிஞ்சிடும்" என்கிறார். மூட்டை வண்டியிலேயே இருக்கிறது. போடலாமா?

வாடைக்காற்று | ஆகஸ்ட் 9, இரவு 9:52

போடாதீர்கள். மூட்டையை வண்டியிலிருந்து இறக்கவே வேண்டாம்.

மண்ணும்_நீரும் | ஆகஸ்ட் 9, இரவு 10:30

பொட்டாஷ் வேண்டாம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மற்றதைச் சொல்ல நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

மஞ்சள் முதலில் எங்கே வந்தது, கொழுந்திலா அடியிலையிலா? கருகல் கடல் பக்கம் மட்டுமா, சுற்றிலுமா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை அடி போர்? மண் அந்த இடத்து மணலா, வெளியிலிருந்து அடித்ததா?

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். நெல்லுக்கும் மிளகாய்க்கும் சொல்லிப் பழகியவரிடம் அலங்கார மரத்துக்கு மருந்து கேட்டால் கைக்கு எட்டியதைத்தான் எடுத்துக் கொடுப்பார்.

புதுமடத்தான் | ஆகஸ்ட் 10, காலை 7:15

சார், ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இட்லிப்பூவில் கொழுந்துதான் மஞ்சள். இலை முழுக்க வெளுத்து நரம்பு மட்டும் பச்சை, பென்சிலால் கோடு போட்ட மாதிரி. அடியிலை பச்சையாகவே இருக்கிறது. மகிழத்திலும் கொஞ்சம் அப்படித்தான். ஃபாக்ஸ்டெயிலில் நேர் எதிர்: அடி மட்டைதான் பழுக்கிறது, ஆரஞ்சுப் புள்ளியும் இருக்கிறது. நெட்டிலிங்கம் சுற்றிலும் கருகியிருக்கிறது, கடல் பக்கம் கொஞ்சம் அதிகம்.

தண்ணீர் 70 அடி போர். வாயில் வைக்க முடியாது. மண் இங்குள்ள வெள்ளை மணல்தான். கட்டும்போது விழுந்த சிமெண்ட் கழிவையும் அதிலேயே மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. சமையலறை ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீர் வீணாகிறதே என்று ஒரு குழாய் போட்டு நெட்டிலிங்கம் வரிசைக்குத்தான் விட்டிருக்கிறேன். ஒன்றரை வருடமாக.

கீழக்கரை_காக்கா | ஆகஸ்ட் 10, காலை 8:02

தம்பி, அந்தக் குழாயை இப்போதே பிடுங்கிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நானும் அதைச் செய்தவன். மாடியில் தொட்டி கட்டி ஆர்.ஓ. கழிவை எலுமிச்சைக்கு விட்டேன். எட்டு மாதத்தில் மண் மேல் வெள்ளைப் பூ பூத்தது. மனைவி கோலமாவு சிந்திவிட்டது என்று நினைத்துக் கூட்டினாள். தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. எலுமிச்சை போனது போனதுதான்.

நல்ல தண்ணீரை நாம் குடித்துவிட்டு, அதிலிருந்த உப்பையெல்லாம் திரட்டி மரத்துக்கு ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீர் வாளி கழுவ, தரை துடைக்க, கழிப்பறைக்கு ஆகும். மரத்துக்கு ஆகாது.

மண்ணும்_நீரும் | ஆகஸ்ட் 10, முற்பகல் 11:20

படம் தெளிவாகிவிட்டது. உங்கள் தோட்டத்தில் ஒரு நோய் இல்லை, மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே மூட்டையைக் கொட்டியதுதான் வினை.

நெட்டிலிங்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதுதான் அவசரம். உரமும் உப்புதான். நம் ஊரில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். தண்ணீரில் கரைந்ததும் யூரியாவோ டி.ஏ.பி.யோ வேரைச் சுற்றியுள்ள நீரின் அடர்த்தியைக் கூட்டும். ஓர் அளவுக்கு மேல் போனால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. பாத்தி நனைந்திருக்கும், மரம் தாகத்தில் சாகும். மதுரைப் பக்கத்துச் செம்மண்ணில் இதே அளவைப் போட்டிருந்தால் மரம் எப்படியோ தாங்கியிருக்கலாம். உங்களுடையதில் போர் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஆர்.ஓ. உப்பு அதன் மேல், கச்சான் காற்றில் வரும் கடல் உப்பு அதற்கும் மேல். (கடல் பக்கம் கருகல் அதிகம் என்றீர்களே, அது காற்றின் கைவரிசை.) விளிம்பு வரை நிரம்பிய பாத்திரத்தில் இன்னொரு செம்பு ஊற்றியிருக்கிறீர்கள்.

அளவையும் பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), டி.ஏ.பி.யில் 18. கால் கிலோ கால் கிலோ என்றால் மரத்துக்கு 160 கிராம் தழைச்சத்து போயிருக்கிறது. வீட்டு மரங்களுக்கு வேர் பரவும் இடத்தில் சதுர மீட்டருக்கு ஐந்து கிராம், மிஞ்சிப் போனால் பத்து கிராம், அதுவும் ஒரு வருடத்துக்கு. நெட்டிலிங்கம் குடை விரிக்காத மரம். சுற்றிலும் ஒரு மீட்டர் வேர் என்று வைத்தால் மூன்று சதுர மீட்டர் சொச்சம், 16 கிராம் போதும். நீங்கள் கொடுத்தது பத்து மடங்கு.

அந்தப் பொட்டாஷ் மூட்டை: அது பொட்டாசியம் குளோரைடு, கிட்டத்தட்ட பாதி எடை குளோரைடு. உரங்களின் உப்புத்தன்மையை ஒப்பிட ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அதில் யூரியாவுக்கு 75, இதற்கு 116. கருகும் மரத்துக்கு இதைப் போடுவது புண்ணில் உப்புத் தடவுவதுதான், உவமையாகச் சொல்லவில்லை.

இன்றே செய்ய வேண்டியது: அடிமரத்தைச் சுற்றி மேல்மண்ணை நான்கு விரல் ஆழம் வழித்து எடுத்து வெளியே கொட்டுங்கள். கரையாத குருணை இருந்தால் அதோடு போய்விடும். பிறகு வட்டப்பாத்தியை ஒரு மீட்டர் அகலத்துக்கு வெட்டி, மெதுவாக, இடைவெளி விட்டு நிறையத் தண்ணீர். சதுர மீட்டருக்கு 150 லிட்டர் இறங்கினால் தேங்கிய உப்பில் பாதி கீழே போகும், 300 லிட்டரில் ஐந்தில் நான்கு பங்கு. உங்கள் போர்த் தண்ணீரானாலும் பரவாயில்லை, இப்போது வேரடியில் இருப்பதை விட அது நல்ல தண்ணீர். மணல் என்பதால் இறங்கிவிடும். களிமண்ணாக இருந்தால் இந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

இயற்கைவழி | ஆகஸ்ட் 10, பிற்பகல் 1:05

யூரியா என்ற வார்த்தையே இந்தக் குழுவில் வரக்கூடாது என்பேன். மண்ணைக் கொன்றுவிட்டு மரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். கடற்கரையில் இருந்துகொண்டு மீனை மறந்துவிட்டீர்களே? விற்காத கருவாடு, மீன் தலை, குடல் எல்லாவற்றையும் மரத்தடியில் ஒரு முழம் தோண்டிப் புதையுங்கள். மூன்றே மாதத்தில் வித்தியாசம் தெரியும். எங்கள் பரமக்குடித் தோட்டத்தில் பத்து வருடமாக இதுதான்.

பாசிக்காரி | ஆகஸ்ட் 10, பிற்பகல் 3:47

பரமக்குடி அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. கருவாடு என்றால் உப்புக்கண்டம். ஒரு கூடை மீனுக்கு எவ்வளவு உப்பு அள்ளிப் போடுகிறோம் என்று எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அதை மரத்தடியில் புதைத்தால் யூரியா கதைதான் மறுபடியும். பச்சை மீன் கழிவு என்றால் சரி. ஆனால் ஆழமாகப் புதைக்காவிட்டால் தெருவில் இருக்கிற நாய் எல்லாம் உங்கள் வீட்டு வாசலில்தான் குடியிருக்கும்.

மீன் அமிலம் போடுங்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடிபோட்ட வாளியில் மூன்று வாரம். லிட்டருக்கு ஐந்து மில்லிக்கு மேல் வேண்டாம். எங்கள் வீட்டில் போன வருடம் மூடியை இறுக்கிவிட்டு ஊருக்குப் போய்விட்டோம், வாளி வெடித்துச் சுவரெல்லாம். மாமியார் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

பாசியும் நல்ல உரம்தான். கரையில் ஒதுங்குகிற பாசியை அள்ளித் தென்னைக்குப் போடுவது இந்தக் கரையில் எப்போதும் உள்ள வழக்கம். ஆனால் அப்படியே போடக்கூடாது தம்பி. ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் குவித்து வைத்து நனையவிட வேண்டும். மழை உப்பைக் கழுவிவிடும், பிறகு தொழுஉரத்தோடு கலந்து போடலாம். அதில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம், தழைச்சத்து குறைவு. இன்னொன்று, கரைக்கு வந்து ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். தீவுப் பக்கம் போய்ப் பறிக்கக் கூடாது, அது தேசியப் பூங்கா எல்லை, வனத்துறை பிடிக்கும். பிடித்த பிறகு என்ன பேச்சு என்று எங்களைக் கேளுங்கள்.

மண்ணும்_நீரும் | ஆகஸ்ட் 10, மாலை 5:10

அக்கா சொன்னது அத்தனையும் சரி. மண்டபத்தில் இருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனக் கிளைக்காரர்களும் நீங்கள் வளர்க்கிற அதே கப்பாபைகஸ் பாசியைப் பிழிந்து எடுக்கும் சாற்றைப் பயிர் ஊக்கியாக்கும் வழியைத்தான் உருவாக்கினார்கள். இலையில் தெளிக்க நல்லது. ஆனால் அது ஊக்கி, சோறு அல்ல.

இட்லிப்பூவுக்கு வருகிறேன். கொழுந்து வெளுத்து நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்து போகவில்லை. இரும்பு ஒரு தடவை இலைக்குப் போய்விட்டால் அங்கிருந்து நகராது. அதனால்தான் புதுத் துளிர் பட்டினி கிடக்க, பழைய இலை பச்சையாக இருக்கிறது. தழைச்சத்துப் பற்றாக்குறை என்றால் இது தலைகீழ்: மரம் கிழட்டு இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுக்கும், அடியிலைதான் முதலில் மஞ்சளாகும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்திருந்தால் யூரியா வாங்கியே இருக்க மாட்டீர்கள்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு கைப்பிடி மண்ணை ஒரு தட்டில் போட்டு வினிகர் ஊற்றிப் பாருங்கள்.

புதுமடத்தான் | ஆகஸ்ட் 10, இரவு 8:33

பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு செய்தேன். ஊற்றியதும் சுர்ரென்று நுரை பொங்கியது, சோடா மூடியைத் திறந்த மாதிரி. சுவரோரம் எடுத்த மண்ணில் இன்னும் அதிகம். சின்னவன் "அத்தா, மண் கொதிக்குது" என்று ஓடிவிட்டான். உற்றுப் பார்த்தால் மணலில் பாதி சிப்பித் தூளும் முருகைக்கல் (பவளக்கல்) துண்டும்தான். மூன்று வருடமாக மிதித்து நடந்த மண், இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

மண்ணும்_நீரும் | ஆகஸ்ட் 10, இரவு 9:15

அதுதான். கடலே சுண்ணாம்பு போட்டு வைத்த மண், போதாததற்கு சிமெண்ட் கழிவு. இந்த மண்ணில் டி.ஏ.பி.யும் வேண்டாத வேலை. அதிலுள்ள மணிச்சத்தை (பாஸ்பரஸ்) சுண்ணாம்பு கட்டிப்போடும், மிஞ்சியது இரும்பு ஏறுவதைக் கெடுக்கும்.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி கேளுங்கள். அதுதான் இரும்பு சல்பேட். லிட்டருக்கு ஐந்து கிராம், கூட ஒரு கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்). மாலையில் இலையில் தெளிக்க வேண்டும், பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தடவை. கரைக்கும் தண்ணீர் முக்கியம். உங்கள் போர்த் தண்ணீரில் கரைத்தால் கொஞ்ச நேரத்தில் துருப்பிடித்த நிறமாகி அடியில் படியும், அது வேலைக்கு ஆகாது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அதில் உப்பே இருக்காது. சுவரில், டைல்ஸில் படாமல் தெளியுங்கள், கறை போகவே போகாது.

அன்னபேதியை மண்ணில் போட்டுப் பயனில்லை, சுண்ணாம்பு விழுங்கிவிடும். மண்ணில்தான் போட வேண்டுமென்றால் ஈ.டி.டி.எச்.ஏ. என்று எழுதியிருக்கும் இரும்பு வாங்குங்கள், தண்ணீரில் போட்டால் ரத்தச் சிவப்பாகக் கரையும். விலை அதிகம். அதிலேயே ஈ.டி.டி.ஏ. என்று மலிவாக ஒன்று கொடுப்பார்கள். பெயரில் ஓர் எழுத்துதான் குறைவு, ஆனால் நம் மண்ணில் அது நிற்காது.

நர்சரி_தம்பி | ஆகஸ்ட் 11, காலை 6:50

உச்சிப்புளியில் நர்சரி வைத்திருக்கிறேன், அதனால் என் பேச்சைப் பாதி தள்ளுபடி செய்துகொண்டே படியுங்கள்.

ஃபாக்ஸ்டெயில் அடி மட்டையில் ஆரஞ்சுப் புள்ளி வந்தால் சாம்பல்சத்துக் குறைவு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அந்த மட்டையை வெட்டாதீர்கள் அண்ணே. மரம் அதிலிருந்துதான் உருவிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வெட்டினால் அடுத்த மட்டையைத் தின்னத் தொடங்கும். தானாகக் காய்ந்து தொங்கும்வரை விடுங்கள். பொட்டாஷில் குளோரைடு இல்லாத வகை, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் என்று கேளுங்கள், கூடக் கொஞ்சம் மக்னீசியம் சல்பேட். அதுவும் நெட்டிலிங்கம் பிழைத்து, மழை பெய்த பிறகு.

நெட்டிலிங்கம் விஷயத்தில் எங்கள் தொழில்காரர்கள் தப்பும் உண்டு. கறுப்புக் கவரில் இரண்டு வருடம் கிடந்த செடியில் வேர் உள்ளுக்குள்ளேயே சுருண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் செம்மண் குழியில் இறக்கினால் வேர் மணலுக்குள் போகாது, அந்தக் குழியையே சுற்றும். செத்துப்போனதைப் பிடுங்கும்போது பாருங்கள், கவர் வடிவத்திலேயே வரும்.

கீழக்கரை_காக்கா | ஆகஸ்ட் 11, காலை 9:30

இதைச் சொன்ன முதல் நர்சரிக்காரர் நீங்கள்தான் தம்பி. வாழ்க.

ஜிப்சம் போட்டால் உப்பு போகும் என்கிறார்களே, அது உண்மையா?

மண்ணும்_நீரும் | ஆகஸ்ட் 11, காலை 10:05

களர் ஏறிய களிமண்ணுக்கு அது மருந்து. ஜிப்சத்தின் வேலை சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியத்தை உட்கார வைப்பது. சிப்பித் தூளாகவே இருக்கிற கடற்கரை மணலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே உப்பை வெளியேற்றுவது தண்ணீர் மட்டுமே, முக்கியமாக மழை.

நிர்வாகி | ஆகஸ்ட் 11, பிற்பகல் 12:18

"மர டானிக் மாத்திரை, வேரில் சொருகினால் 7 நாளில் பச்சை" என்ற பதிவு நீக்கப்பட்டது. விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

வாடைக்காற்று | ஆகஸ்ட் 12, இரவு 10:11

எல்லோரும் எவ்வளவு உரம், எந்த உரம் என்றே பேசுகிறீர்கள். நான் கேட்பது உரம் எதற்கு என்று. தொண்டியில் எங்கள் தெரு முனையில் ஒரு பூவரசு நிற்கிறது, என் தாத்தா காலத்தது. அதற்கு யாரும் ஒரு கைப்பிடி சாம்பல்கூடப் போட்டதில்லை. கடல் தண்ணீர் காலடி வரை வந்துபோன மரம். மறு வருடம் பூத்தது.

புதுமடத்தார் தோட்டத்தில் நன்றாக இருக்கும் மரம் எது தெரியுமா? சரக்கொன்றை. அதைப் பற்றி அவர் ஒரு வரிகூடக் குறை சொல்லவில்லை. அதற்கு ஏன் உரம்? சித்திரையில் இலை கொட்டினால் நோய் என்று நினைத்து உரம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பூக்கப் போகிறது ஐயா.

இயற்கைவழி | ஆகஸ்ட் 12, இரவு 10:40

கொன்றை பயறு குடும்பம், காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் உரம் தேவைப்படவில்லை.

மண்ணும்_நீரும் | ஆகஸ்ட் 13, காலை 7:00

குடும்பம் அதுதான், ஆனால் சரக்கொன்றை வேரில் முடிச்சு கிடையாது. வாகைக்கும் புங்கைக்கும் உண்டு. உரம் தேவைப்படாததற்குக் காரணம் வேறு: வேர் எட்டிப் போய்விட்டது, கேட்பது குறைவு.

வாடைக்காற்று சொல்வதோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. வருடா வருடம் ஓர் அடியாவது புதுக் கொம்பு விட்டு, இலை நிறம் மாறாமல் நிற்கிற மரத்துக்கு எதையும் போடாதீர்கள். நட்ட முதல் வருடமும் வேண்டாம், முதலில் வேர் ஓடட்டும். ஆனால் தினமும் சருகைக் கூட்டி எரிக்கிற வீட்டில் மரத்துக்கு எதுவும் திரும்பிப் போவதில்லையே. தெருமுனைப் பூவரசின் இலை அதன் காலடியிலேயே விழுந்து மக்குகிறது, உங்கள் வீட்டில் அது குப்பை வண்டியில் ஏறுகிறது.

பாசிக்காரி | ஆகஸ்ட் 13, காலை 8:20

சருகைக் கூட்டாவிட்டால் பாம்பு வரும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்களே சார்.

புதுமடத்தான் | செப்டம்பர் 16, இரவு 9:05

ஒரு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சார் சொன்னபடி மேல்மண்ணை வழித்தேன். கரையாத டி.ஏ.பி. குருணை இன்னும் கிடந்தது, கறுப்பு மிளகு மாதிரி. நான்கு நாள் விட்டு விட்டுத் தண்ணீர் கட்டினேன். இரண்டு நெட்டிலிங்கம் போய்விட்டது. பிடுங்கினேன், நர்சரி தம்பி சொன்ன மாதிரியே கவர் வடிவத்தில் வந்தது, வேர் கயிறு சுற்றிய பம்பரம்தான். மற்ற ஒன்பது நிற்கின்றன, மூன்றில் துளிர்.

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன். போர் 2150. ஆர்.ஓ. கழிவு 3100. ஏ.சி. தண்ணீர் 18. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கைக்கிணறு பன்னிரண்டு அடிதான், அதில் 640! என் போருக்கும் அதற்கும் நாற்பது அடி தூரம் இருக்காது.

மண் பரிசோதனையும் கொடுத்தேன். ஓர் அடி ஆழம் வரை நான்கைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் காயவைத்து, அரைக் கிலோ. பி.எச். 8.6, அதாவது கார மண், என்று வந்திருக்கிறது. தழைச்சத்து குறைவு, மணிச்சத்து அதிகம் (அது நான் கொட்டியது), சாம்பல்சத்து நடுத்தரம்.

இட்லிப்பூவுக்கு அன்னபேதி இரண்டு தடவை தெளித்தாயிற்று. முதல் தடவை அவசரத்தில் போர்த் தண்ணீரிலேயே கரைத்தேன், டீ நிறமாகிவிட்டது. கொட்டிவிட்டு ஏ.சி. தண்ணீருக்கு மூன்று நாள் காத்திருந்தேன். இப்போது கொழுந்தில் பச்சை திட்டுத் திட்டாக வருகிறது.

கீழக்கரை_காக்கா | செப்டம்பர் 16, இரவு 9:31

கைக்கிணறு கதை ஆச்சரியமே இல்லை. மழைத் தண்ணீர் மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கையால் தோண்டினால் அது கிடைக்கும், போர் போட்டு ஆழத்தில் உறிஞ்சினால் கடல்தான் வரும். தனுஷ்கோடிக்காரர்கள் இன்றைக்கும் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்கிறார்கள், இரண்டு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு. பெரியம்மாவிடம் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். மோட்டார் போட்டு இறைத்துவிடாதீர்கள், அவர் கிணறும் உப்பாகிவிடும்.

மண்ணும்_நீரும் | செப்டம்பர் 17, காலை 6:40

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். பாசன நீரில் டி.டி.எஸ். 2000-ஐ நெருங்கினாலே பெரும்பாலான செடிகளுக்குக் கஷ்டம். உங்கள் போர் அதையும் தாண்டிவிட்டது. அதனால் இனி இரண்டு வேலைதான். ஒன்று, கிடைக்கிற நல்ல தண்ணீரை, மொட்டைமாடி மழைநீர் உட்பட, மரத்துக்குத் திருப்புங்கள். இரண்டு, கொடுக்கிற தழைச்சத்து மெதுவாகக் கரைவதாக இருக்கட்டும்.

எவ்வளவு போடுவது என்ற கேள்வி வரும் என்பதால் கணக்கையும் போட்டுவிடுகிறேன். மகிழத்தின் நிழல் இரண்டு மீட்டர் ஆரம் என்றால் பன்னிரண்டரை சதுர மீட்டர், வருடத்துக்கு 63 கிராம் தழைச்சத்து. கடலைப் புண்ணாக்கில் ஏழு சதவீதம், 900 கிராம் போதும். வேப்பம் புண்ணாக்கு என்றால் ஐந்து சதவீதம், ஒன்றே கால் கிலோ. நான் பாதிப் பாதி கலப்பேன், வேம்பு இருந்தால் தழைச்சத்து சீக்கிரம் கரைந்து ஓடாது. அதில் பாதியைப் புரட்டாசிக் கடைசியில் முதல் மழை நனைத்ததும், மீதியைத் தை மாதம் ஈரம் காய்வதற்குள். அடைமழை நடுவில் போட்டால் மணலில் நேரே கீழே போய்விடும். கோடையில், தாகத்தில் நிற்கும் மரத்துக்குப் போடவே கூடாது.

போடும் இடம் அடிமரம் அல்ல. சாப்பிடுகிற வேர் நிழல் விளிம்பிலும் அதற்கு வெளியிலும் மேல் ஓர் அடிக்குள்தான் இருக்கிறது. லேசாகக் கீறித் தூவி மூடுங்கள். கடப்பாரையால் ஆழக் குழி போட வேண்டாம். மேலே நான்கு விரல் சருகு, தென்னை மட்டைத் துண்டு, பனையோலை எதுவானாலும், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி.

இயற்கைவழி | செப்டம்பர் 17, காலை 7:25

கடைசியில் புண்ணாக்குக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள்! இதைத்தானே நான் முதல் நாளே சொன்னேன்.

மண்ணும்_நீரும் | செப்டம்பர் 17, காலை 7:50

நீங்கள் கருவாடு சொன்னீர்கள் நண்பரே. புண்ணாக்கை நான் சொன்னது அது இயற்கை என்பதற்காக அல்ல, மெதுவாகக் கரையும், உப்பு குறைவு என்பதற்காக. நல்ல தண்ணீர் இருக்கிற தோட்டத்தில் அம்மோனியம் சல்பேட்டைச் சரியான அளவில் மண்ணுக்குள் புதைத்துப் போட்டாலும் நான் மறுக்க மாட்டேன். அளவு தெரியாமல் போட்டால் ஆட்டுப் புழுக்கையும் கருக்கும்.

வாடைக்காற்று | செப்டம்பர் 17, காலை 8:15

ஆட்டுப் புழுக்கைக்கும் அளவா! ராமநாதபுரத்தில் உரத்துக்காக வயலில் ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

மண்ணும்_நீரும் | செப்டம்பர் 17, காலை 8:40

அவர்கள் ஏக்கருக்குக் கிடை போடுகிறார்கள், நாம் ஒரு பாத்திக்குள் ஒரு மூட்டையைக் கொட்டுகிறோம்.

புதுமடத்தான் | ஜனவரி 21, மாலை 6:20

மழை முடிந்தது, கணக்குச் சொல்ல வந்தேன்.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நன்றாகவே பெய்தது. மொட்டைமாடிக் குழாயை நெட்டிலிங்கம் வரிசைக்குத் திருப்பியிருந்தேன். ஒன்பதும் உயிரோடு இருக்கின்றன. ஏழு நன்றாக இருக்கின்றன, இரண்டு சுமார்தான், உச்சி மொட்டையாகிவிட்டது. புண்ணாக்கு முதல் பாதி போட்டேன். இரண்டாம் பாதி போன ஞாயிறு. சருகைக் கூட்டுவதை நிறுத்தியதில் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை, இப்போது சரியாகிவிட்டது. பாம்பு வரவில்லை, ஓணான் வருகிறது.

இட்லிப்பூ பூத்துவிட்டது. ஆனால் சுவரை ஒட்டிய நான்கு செடி மட்டும் அதே வெளுப்பு. தோண்டிப் பார்த்தேன், சிமெண்ட் காரை ஒரு முழத்துக்கு இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டேன், எத்தனை நாள் அன்னபேதி தெளித்துக்கொண்டிருப்பது. ஃபாக்ஸ்டெயில் புது மட்டை விட்டிருக்கிறது. பழையதை வெட்டவில்லை, விருந்தாளிகள் கேட்டால் "சாப்பிடுகிறது" என்கிறேன்.

பொட்டாஷ் மூட்டையைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. மச்சான் தென்னந்தோப்புக்குக் கொடுத்துவிட்டேன், தென்னை அதைத் தாங்குமாம்.

செத்த இரண்டு நெட்டிலிங்கம் இடத்தில் பூவரசு வைக்கலாம் என்று இருக்கிறேன். வாடைக்காற்று, உங்கள் தெருமுனை மரத்தில் நடுவதற்குப் போத்து (வெட்டிய கொம்பு) கிடைக்குமா? எந்த மாதம் நடுவது?

வாடைக்காற்று | ஜனவரி 21, மாலை 6:58

கிடைக்கும். ஈரம் இருக்கும்போதே நட்டுவிடுங்கள், மாசி தாண்டினால் காய்ந்துவிடும். மணிக்கட்டுப் பருமன், ஆள் உயரத்துக்கு வெட்டித் தருகிறேன். தலைப்பக்கம் எது, அடிப்பக்கம் எது என்று மறக்காமல் இருக்க அடியைச் சாய்வாகச் சீவி விடுகிறேன். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நடுங்கள். அந்தக் காரைக்காக இல்லை, அது சுவரையே தள்ளும். சனிக்கிழமை ராமநாதபுரம் வருகிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுமடத்தான் | ஜனவரி 21, இரவு 7:10

வருகிறேன். ஈரச் சாக்கு கொண்டு வரவா?

வாடைக்காற்று | ஜனவரி 21, இரவு 7:12

கொண்டு வாருங்கள். போர்த் தண்ணீரில் நனைக்காதீர்கள்.